காது இரண்டுதான், 7.1 எதற்கு?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகன், வேலரன்ட் என்ற கம்ப்யூட்டர் துப்பாக்கிச் சண்டை கேம் விளையாட 7.1 சரவுண்ட் ஹெட்செட் கேட்கிறான். சாதா 1,800 ரூபாய், 7.1 என்றால் 4,500. எதிரி பின்னால் வரும் காலடிகூடக் கேட்கும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? – வாசகர், மன்னார்குடி

அந்த 2,700 ரூபாய் உங்கள் பையிலேயே இருக்கட்டும். 7.1 என்றால் ஆளைச் சுற்றி ஏழு ஸ்பீக்கர், ‘தும் தும்’ ஒலிக்கு இன்னொன்று என்று கணக்கு.

சாமி புறப்பாட்டில் கண்ணை மூடி நின்றாலும் தவில் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவீர்கள். சத்தம் ஒரு காதுக்கு இம்மி நேரம் முந்தி, கொஞ்சம் உரக்க வந்து சேரும். முன்னா பின்னா என்பதைக் காதுமடலின் மடிப்பு காட்டிக்கொடுக்கும். இந்தக் கணக்கை வேலரன்ட் தானே போடுகிறது. ஆடியோ செட்டிங்கில் எச்.ஆர்.டி.எஃப். என்பதை ஆன் செய்தால் போதும். அதன்மேல் ஹெட்செட்டின் 7.1-ஐயும் போட்டால், பாகு வைத்த பண்டத்துக்கு மேலும் சர்க்கரை தூவிய கதை. திசை குழம்பும்.

போன வாரம் பெட்டியில் 7.1 என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒன்று ரிப்பேருக்கு வந்தது. கழற்றினேன். பக்கத்துக்கு ஒரே ஸ்பீக்கர், கூடவே ‘தும் தும்’ என்று அதிர ஒரு குட்டி மோட்டார். மற்றதெல்லாம் சாஃப்ட்வேர் ஜாலம். 3.5 மி.மீ. பின் மட்டும் உள்ள ஹெட்செட்டில் 7.1 என்று போட்டிருந்தால் அந்த வித்தைகூட ஹெட்செட்டுக்குள் இல்லை, கம்ப்யூட்டரில் தனியாக சாஃப்ட்வேர் போட்டால்தான் உண்டு. அந்தப் பின்னில் போவது இடம், வலம் இரண்டே.

5.1 ஒலியோடு வரும் படம் பார்த்தாலோ, எச்.ஆர்.டி.எஃப். வசதி இல்லாத பழைய கேம் ஆடினாலோ சரவுண்டுக்கு அர்த்தம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் விண்டோஸ் 10, 11-இல் ‘விண்டோஸ் சோனிக்’ இலவசமாகவே இருக்கிறது. திரையின் கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் ஐகானில் ரைட் கிளிக் செய்து தேடுங்கள். படத்துக்குப் போடுங்கள், வேலரன்டுக்கு உட்காரும்போது மறக்காமல் அணைத்துவிடுங்கள். என்னிடம் வரும் பையன்களில் பாதிப் பேர் அணைப்பதில்லை.

எம்.ஆர்.பி. 9,999, தள்ளுபடி போக 2,999 என்ற அட்டையைப் பார்த்து மயங்காதீர்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. எவ்வளவு அச்சடிக்கிறாய் என்று கேட்கத்தான் ஆளில்லை. ‘சென்னையிலிருந்து எடுத்துத் தர்றேன் சார், பில் எதுக்கு’ என்று வரும் தெரிந்த தம்பியையும் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டியும் இல்லை.

கடையிலேயே மைக்கில் பேசிப் பதிவு செய்து கேட்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துப் புழுக்கத்தில் ரெக்சின் உறை உரிந்து கழுத்தெல்லாம் கறுப்பாய் ஒட்டும். துணி உறை போட்டதாகக் கேளுங்கள்.