ராபர்ட் ஜான்சனைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை கேட்க ஆசை. எல்லாப் பட்டியலிலும் முதல் பெயராக இருக்கிறாரே என்று ராபர்ட் ஜான்சனைக் கேட்டேன். ஒரே இரைச்சல், எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது. புதிதாகக் கேட்பவர் எந்தக் கலைஞரிடமிருந்து, எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கலாம்?

பதில்:

எனக்கும் இதேதான் நடந்தது. கல்லூரி விடுதியில் பக்கத்து அறை அண்ணன் ஒருவர், "கிட்டார் கத்துக்கிறேன்னு சொல்றியே, மொதல்ல இதக் கேளு" என்று தன் ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்தார். உள்ளே ராபர்ட் ஜான்சன். திருச்சியிலிருந்து மதுரை போகும் பேருந்தில் காதில் மாட்டினேன். எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிகிற சத்தம், அதற்குப் பின்னால் யாரோ மூக்கால் பாடுகிறார். விராலிமலை வருவதற்குள் நிறுத்திவிட்டு ராஜா பாட்டுக்குப் போய்விட்டேன். அப்புறம் மூன்று வருடம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஜான்சன் மேல் தப்பில்லை. 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லாஸிலும் அவர் பாடிப் பதிவானவை மொத்தமே 29 பாட்டு. அடுத்த வருடமே 27 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் காலத்துப் பதிவில் அந்த இரைச்சல் இருக்கத்தான் செய்யும். அவரைப் பட்டியலின் தலையில் வைப்பவர்கள் வருடக்கணக்கில் ப்ளூஸ் கேட்டு ஊறியவர்கள். தாங்கள் கடைசியாக வந்து சேர்ந்த இடத்தை நமக்கு முதல் படியாகக் காட்டுகிறார்கள். நான் சொல்வது நேர்மாறானது. நல்ல ஒலிப்பதிவு உள்ள, ஜனங்கள் கூடியிருக்கும் ஒரு கச்சேரியில் நுழையுங்கள். அங்கிருந்து பின்னால் நடந்து போங்கள்.

அந்தக் கச்சேரி, பி.பி. கிங்கின் 'லைவ் அட் த ரீகல்'. 1964 நவம்பர் 21 அன்று சிகாகோவின் ரீகல் தியேட்டரில் பதிவானது. முழுசாகவே 35 நிமிடம்தான். அதில் 'ஹவ் ப்ளூ கேன் யூ கெட்' என்று ஒரு பாட்டு. பெண்டாட்டி மேல் ஒருவன் வைக்கிற குற்றப்பத்திரிகை அது. புது ஃபோர்டு கார் வாங்கிக் கொடுத்தேன், காடிலாக் வேண்டுமென்றாய். பத்து டாலருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன், நொறுக்குத் தீனிக்கு நன்றி என்றாய். மாடி மாளிகையில் குடிவைத்தேன், குடிசை என்றாய். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் பித்தளை வாத்தியங்கள் ஓங்கி ஒரு அடி போடுகின்றன, கூட்டத்தின் சத்தம் ஒரு படி ஏறுகிறது. கடைசியில், ஏழு பிள்ளை கொடுத்தேன், இப்போது திருப்பி எடுத்துக்கொள் என்கிறாயே என்று அவர் தொண்டை கிழியக் கத்தும்போது அரங்கமே பிய்த்துக்கொண்டு போகிறது. பட்டிமன்றத்தில் ஒரு நல்ல பேச்சாளர் மாமியார் கதையின் முடிச்சை அவிழ்க்கும்போது எழுகிற சத்தம்தான் அது. ப்ளூஸ் என்றால் அழுகை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அங்கேதான் கண் திறந்தது. தன் கஷ்டத்தைச் சொல்லியே ஆளைச் சிரிக்க வைக்கிற கலை இது.

இரண்டாம் தடவை கேட்கும்போது கிட்டாரை மட்டும் கவனியுங்கள். அவர் பாடும்போது கிட்டார் வாசிப்பதில்லை. ஒரு வரி பாடி நிறுத்துவார். அந்த இடைவெளியில் கிட்டார் பதில் சொல்லும். நம் கச்சேரியில் பாடகர் விட்ட இடத்தில் வயலின் தொடருமே, அதுபோல. இங்கே பாடகரும் பக்கவாத்தியமும் ஒரே ஆள். அந்தக் கிட்டாருக்கு லூசில் என்று பெயர். 1949-இல் ஆர்கன்சாஸில் ட்விஸ்ட் என்ற ஊரில் அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் சண்டையில் மண்ணெண்ணெய்ப் பீப்பாயைத் தட்டிவிட, கூடம் தீப்பிடித்தது. வெளியே ஓடிவந்தவர் கிட்டாரை எடுக்கத் திரும்ப உள்ளே போனார். சண்டைக்குக் காரணமான பெண்ணின் பெயர் லூசில் என்று மறுநாள்தான் தெரிந்ததாம். இனி இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக்கூடாது என்று நினைவூட்டத்தான் கிட்டாருக்கு அந்தப் பெயர் வைத்தார்.

"எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி" என்கிறீர்கள். சட்டகம் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். பெரும்பாலும் நான்கு அடி கொண்ட 12 பகுதிகள், மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்). முதல் வரி, அதே வரி மறுபடியும், மூன்றாவதில் அதற்குப் பதில். வெண்பாவும் ஒரே சட்டகம்தான். யாரும் எல்லா வெண்பாவும் ஒன்றுதான் என்று சொல்வதில்லை. கர்நாடக சங்கீதக் காது உள்ளவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ப்ளூஸ் கிட்டார்காரர்கள் அதிகம் புழங்குகிற ஐந்து சுரங்கள் நம் சுத்த தன்யாசி ராகத்தின் சுரங்கள். அந்த ராகத்துக் கீர்த்தனையான 'ஹிமகிரி தனயே' தெரிந்தவருக்கு ஏணி ஏற்கெனவே மனப்பாடம். ஆனால் 'க' என்ற காந்தாரத்தை அவர்கள் கீழேயுள்ள சாதாரண காந்தாரத்திலும் நிறுத்துவதில்லை, மேலேயுள்ள அந்தர காந்தாரத்திலும் நிறுத்துவதில்லை. கம்பியை விரலால் தள்ளி இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ தொங்கவிடுவார்கள். அந்தத் தொங்கலில்தான் உயிர் இருக்கிறது.

ரீகல் பிடித்துவிட்டால் அடுத்தது மடி வாட்டர்ஸ். மிசிசிப்பியில் பருத்திப் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். 1941-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்பாடல் சேகரிக்க வந்த ஆலன் லோமாக்ஸ் அவரை அங்கேயே பதிவு செய்தார். 1943-இல் சிகாகோவுக்கு ரயிலேறினார். தெற்கிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே போன காலம் அது. பட்டண இரைச்சலில் சாதாரணக் கிட்டார் எடுபடாமல் மின்சாரக் கிட்டாருக்கு மாறினார். நியூபோர்ட் இசை விழாவில் பதிவான 'அட் நியூபோர்ட் 1960' கச்சேரியில் 'காட் மை மோஜோ வொர்க்கிங்' இரண்டு தடவை வருகிறது, ஏனென்றால் கூட்டம் விடவில்லை. முந்தின நாள் ஊரில் கலவரம் நடந்து விழாவையே மூடச்சொல்லிவிட்டார்கள். அந்தச் சோகத்துக்குக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அங்கேயே எழுதிய பாட்டை மடி வாட்டர்ஸின் பியானோக்காரர் ஓட்டிஸ் ஸ்பான் கடைசியில் பாடுகிறார்.

நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் அவருடைய 'ஃபோக் சிங்கர்' (1964) ஆல்பத்தை இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். மின்சாரக் கிட்டார் கிடையாது. கூட வாசிப்பவர் இளைஞரான பட்டி கை (Buddy Guy) என்ற கிட்டார்காரர். மடி வாட்டர்ஸ் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். ஸ்பீக்கர் பைத்தியம் பிடித்தவர்கள் தங்கள் கருவியைச் சோதிக்க இன்றைக்கும் இதைத்தான் போடுகிறார்கள்.

அதே பட்டி கை, ஜூனியர் வெல்ஸ் என்ற மவுத் ஆர்கன்காரரோடு சேர்ந்த 'ஹூடூ மேன் ப்ளூஸ்' (1965) என் செல்லப்பிள்ளை. நள்ளிரவில் ஒரு சின்ன மதுக்கூடத்தில் ஓரமாக உட்கார்ந்திருப்பது போலிருக்கும். வேறு கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்ததால் உறையில் பட்டி கையின் பெயரைப் போடாமல் 'ஃப்ரெண்ட்லி சாப்' என்று போட்டார்கள். நடுவில் அவருடைய கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் மக்கர் செய்ய, ஆர்கனின் சுழலும் ஸ்பீக்கரில் கிட்டாரை மாட்டிவிட்டார்கள். சில பாட்டில் கிட்டார் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்பது அதனால்தான்.

ஹவுலின் வுல்ஃப் எல்லோருக்கும் உடனே பிடிக்க மாட்டார். ஆறடிக்கு மேல் உயரம், ஜல்லி போட்டு அரைத்தது போன்ற குரல். 1962-இல் வந்த, உறையில் ஆடும் நாற்காலி படம் போட்ட ஆல்பத்தை எடுங்கள். 1965-இல் பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தபோது அவரையும் மேடையேற்றி, அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். யூடியூபில் இருக்கிறது, தவறவிடாதீர்கள். ஜான் லீ ஹூக்கர் இன்னும் ஒரு படி தள்ளி: ஒரே கார்டு, தரையைத் தட்டுகிற கால், அவ்வளவுதான். மேலே நான் சொன்ன 12 கணக்கெல்லாம் அவரிடம் செல்லாது. தோன்றின இடத்தில் திரும்புவார், கூட வாசிப்பவர் பாடு திண்டாட்டம். 1948-இல் பதிவான 'பூகி சில்லன்' ஒன்று போதும்.

ராக் கேட்டு வளர்ந்தவர் என்றால் ஸ்டீவி ரே வானின் 'டெக்சாஸ் ஃப்ளட்' (1983), ஆல்பர்ட் கிங்கின் 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' (1967) இரண்டும் சட்டென்று பிடித்துவிடும். வான் எனக்குக் கொஞ்சம் சீக்கிரம் திகட்டுகிறார். ஆல்பர்ட் கிங் திகட்டவே இல்லை. இடக்கைக்காரர், வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி வாசிப்பார்.

பட்டியல்களில் பெண்களை ஒரு ஓரத்தில் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் ப்ளூஸ் பாடி இசைத்தட்டில் முதலில் ஜெயித்தவர்கள் அவர்கள்தான். மேமி ஸ்மித்தின் 'கிரேஸி ப்ளூஸ்' 1920-இல் வந்தது. பெஸி ஸ்மித் 1925 ஜனவரியில் பாடிய 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' கேளுங்கள். அவர் ஒரு வரி பாட, லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட்டில் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி) பதில் சொல்கிறார். பின்னால் சுருதிப்பெட்டி மாதிரி ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கிறதே என்று பார்த்தால், அது ஹார்மோனியம்! மெம்ஃபிஸ் மின்னி, 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி 1929-இல் கான்ஸஸ் ஜோவோடு சேர்ந்து பதிவு செய்த பாட்டைத்தான் பிற்பாடு ராக் குழுவான லெட் செப்பலின் எடுத்துக்கொண்டது.

இவ்வளவு தூரம் வந்துவிட்டால் பழைய தனிக் கிட்டார் ஆட்களுக்குக் காது தயார். அங்கேயும் முதலில் மிசிசிப்பி ஜான் ஹர்ட். கட்டைவிரல் தாளம் போட, மற்ற விரல்கள் பாடும். திண்ணையில் உட்கார்ந்து தாத்தா பேசுகிற குரல். 1928-இல் சில பாட்டுப் பதிவு செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவரை உலகம் மறந்துவிட்டது. 35 வருடம் கழித்து, 'ஆவலான் என் சொந்த ஊர்' என்று அவர் பாடிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஓர் இசை ரசிகர் பழைய வரைபடத்தில் ஊரைத் தேடிப் போனார். ஆள் அங்கேயேதான் விவசாயக் கூலியாக இருந்தார். எழுபது வயது. 1966-இல் இறப்பதற்குள் மூன்று வருடம் மேடைகளில் வாசித்தார். 'டுடே!' என்ற ஆல்பம் அந்தக் காலத்தது. ஒலியும் சுத்தம்.

பிளைண்ட் வில்லி ஜான்சன் சாமி பாட்டு மட்டுமே பாடியவர். அவரை ப்ளூஸில் சேர்க்கலாமா என்று சிலர் சண்டை போடுவார்கள். போடட்டும். 1927-இல் அவர் பதிவு செய்த 'டார்க் வாஸ் த நைட்' பாட்டில் வார்த்தையே கிடையாது. முனகல், அதனோடு கம்பியில் வழுக்கிப்போகும் ஸ்லைடு. நம் கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு அந்த வழுக்கல் அந்நியமாக இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் இதைப் போட்டிருந்தேன். கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மா கையை நிறுத்திவிட்டு, "யாருடா செத்துட்டாங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை, அமெரிக்காக்காரர் பாட்டு என்றேன். "பாவம், நல்லா அழுவுறாரு" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பினார். 1977-இல் வாயேஜர் விண்கலத்தில் வைத்து அனுப்பிய தங்கத்தட்டில் இந்தப் பாட்டு இருக்கிறது. ஹிந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவியும் அதே தட்டில்தான் இருக்கிறது.

இதற்கெல்லாம் அப்புறம் ராபர்ட் ஜான்சன். நாற்சந்தியில் பேயிடம் ஆன்மாவை விற்றுக் கிட்டார் கற்றார் என்ற கதையைத் தயவுசெய்து ஒதுக்கிவைத்துவிடுங்கள். அது உழைத்துக் கற்றவனுக்குச் செய்கிற அவமரியாதை. 1961-இல் தொகுத்து வெளியிட்ட 'கிங் ஆஃப் த டெல்டா ப்ளூஸ் சிங்கர்ஸ்' இருக்கிறது. அதற்கு முன்னால் 'கம் ஆன் இன் மை கிச்சன்' பாட்டின் இரண்டு பதிவுகளில் மெதுவானதைத் தேடிப் போடுங்கள். நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு, காற்று ஊளையிடுவது கேட்கிறதா என்று தணிந்த குரலில் யாரிடமோ கேட்கிறார். உடனே கிட்டாரின் மேல்கம்பியில் ஒரு மெல்லிய கோடு நடுங்கி இறங்குகிறது. நான் பேருந்தில் நிறுத்திய பாட்டு அதுதான். அந்த இடம் வர இன்னும் அரை நிமிடம்கூட இருந்திருக்காது.