பிரஸ் மெஷினில் லைட் கர்ட்டனைத் தற்காலிகமாக நிறுத்தி ஓட்டலாமா?

பிரஸ்ஸுக்கு முன்னால் ஒளிக்கற்றைகளால் காவல் நின்று, கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் லைட் கர்ட்டன் டிரிப் ஆகிக்கொண்டே இருக்கிறது, டார்கெட் வரவில்லை, நைட் ஷிப்டுக்கு மட்டும் அதை நிறுத்தி ஓட்டச் சொல்கிறார் சூப்பர்வைசர், ஆபத்தில்லாமல் செய்ய வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மெயின்டனன்ஸில் புதிது, முடியாது என்றால் வேலைக்கே வேட்டு வந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அந்த இடத்தில் நின்றவன்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சேஃப்டி ரிலேயில் (கர்ட்டன் சிக்னலைப் பார்த்து பிரஸ்ஸை நிறுத்தும் சாதனம்) லூப் வயர் போட்டு, அதாவது கர்ட்டன் தடையில்லாமல் இருப்பதாக ரிலேயை ஏமாற்றி, ஓட்டுவதற்குப் பாதுகாப்பான முறை என்று ஒன்று கிடையாது. எல்லா லூப்பும் காலையில் எடுத்துவிடலாம் என்றுதான் போடப்படுகிறது. ஷிப்ட் மாறினால் அது அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. அடுத்து வரும் ஆபரேட்டர் கர்ட்டன் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக் கையை உள்ளே விடுவார். ஆனால் ஆபத்தில்லாத அந்த ஒரு நொடிக்கு மட்டும் மெஷினே கர்ட்டனை விட்டுவிட்டு, யாரும் ஞாபகப்படுத்தாமல் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம். அதுதான் ம்யூட்டிங்.

ஓசூரில் ஆட்டோ பாகங்கள் அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் இருந்தபோது எனக்கும் இதே பஞ்சாயத்து வந்தது. 100 டன் பிரஸ், நியூமேட்டிக் கிளட்ச், அதாவது காற்றழுத்தத்தில் இயங்கி, அடியைப் பாதியிலேயே நிறுத்தக்கூடியது. "ரெண்டு வயர்தானே தம்பி, லூப் போட்டு விடு" என்றார் சூப்பர்வைசர். நான் பேனலைத் திறக்கவில்லை. மெஷின் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். ராம் (தகட்டை அடிக்க மேலும் கீழும் போய்வரும் பாகம்) கீழே வந்து அடித்து மேலே ஏறத் தொடங்கியதும், ஆபரேட்டர் அண்ணன் பீஸை எடுக்கக் கையை நீட்டுவார். கர்ட்டன் கையைப் பார்க்கும், ராம் பாதியில் நிற்கும். கர்ட்டனில் எந்தக் கோளாறும் இல்லை. அண்ணனும் தப்பாக எதுவும் செய்யவில்லை, அவர் வேகம் அப்படி. ராம் மேலே போகும்போது அந்த டையில் (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) கை நசுங்க வழியில்லை. அந்த நேரத்தில் கர்ட்டன் காவல் காக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு, இன்றைக்கே லூப் வேண்டுமென்றால் லாக்புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் சார் என்றேன். போடவில்லை. அன்று இரவு மெதுவாகத்தான் ஓடியது.

அந்த வார லீவு நாளில் பிரஸ் கம்பெனி சர்வீஸ் ஆள் வந்தார். ராம் கீழ்ப்புள்ளியைத் தாண்டிய பிறகு ம்யூட்டிங் தொடங்கி, மேல்புள்ளியை எட்டும் முன்பே முடியும்படி கேம் (பிரஸ்ஸோடு சேர்ந்து சுற்றி, ராம் எங்கே இருக்கிறது என்று சிக்னல் தரும் சக்கரம்) செட் செய்தோம். உச்சியில் கர்ட்டன் மறுபடி உயிரோடு இருக்கும், கை உள்ளே இருந்தால் அடுத்த அடி விழாது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கேம் சிக்னலை மட்டும் நம்பக் கூடாது. கேம் பாக்ஸை ஓட்டும் செயின் அறுந்து, கேம் ம்யூட்டிங் நிலையிலேயே நின்றுவிட்டால், கர்ட்டன் இல்லாமலே ராம் கீழே இறங்கும். அதனால் தனித்தனியாக இரண்டு சிக்னல், செயின் அறுந்தால் பிரஸ்ஸை நிறுத்தும் கண்காணிப்பு, ம்யூட்டிங் நேரத்தில் எரியும் விளக்கு எல்லாம் இருக்க வேண்டும். முடித்ததும் டெஸ்ட் ராடை நீட்டி, இறங்கும்போது நிற்கிறதா என்று பார்த்தோம். பிறகு ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் அதைச் செய்ய வைத்தோம்.

டையிலிருந்து கர்ட்டன் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் பாருங்கள். 14 மில்லிமீட்டர் ரெசல்யூஷன் கர்ட்டன் (அந்தத் தடிமன் உள்ள பொருள் குறுக்கே வந்தாலே கண்டுபிடிக்கும்) என்றால் கணக்கு சுலபம்: கை வேகம் நொடிக்கு 2000 மில்லிமீட்டர், ராம் நிற்க மொத்தம் 0.2 நொடி ஆனால் 400 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பிரேக் லைனிங் தேயத் தேய அந்த 0.2 கூடும்.

சின்ன ஒர்க்ஷாப்பில் இதெல்லாம் நடக்குமா என்று யாராவது கேட்பீர்கள். உங்களுடையது பழைய கீ கிளட்ச் பிரஸ் என்றால் நடக்காதுதான். ஒரு தடவை கிளட்ச் பிடித்தால் முழுச் சுற்று முடியாமல் அது நிற்காது, அதில் லைட் கர்ட்டன் மாட்டுவதே வீண். டைக்குள் கை போகாதபடி கம்பி கார்டு போடுங்கள். டை செட்டிங்குக்கு ம்யூட்டிங் உதவாது. அதற்கு சாவி போட்ட செட்டப் மோடு, இரண்டு கை பட்டனில் இன்ச்சிங் (ராமைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவது). கையை உள்ளே விடும் முன் மோட்டாரை நிறுத்தி, ஃப்ளைவீல் சுற்றி ஓயும்வரை பொறுத்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரில் பூட்டுப் போட்டு, ராமுக்கு அடியில் சேஃப்டி பிளாக் வைக்க வேண்டும்.

நான் கையெழுத்துக் கேட்டது திமிர் என்று பிறகு பேசினார்கள். அப்போதிருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 111-ஆம் பிரிவு, பாதுகாப்புச் சாதனத்தில் வேண்டுமென்றே கை வைக்கும் தொழிலாளியைக் குற்றவாளி ஆக்கியது. வாய்மொழியாகச் சொன்னவர் விபத்துக்குப் பிறகு சொல்லவே இல்லை என்பார், ஸ்க்ரூ டிரைவர் பிடித்தவன் மாட்டுவான்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேறு கம்பெனியில் வலது ஆட்காட்டி விரலை முழுதாக இழந்துவிட்டு எங்கள் ஸ்டோருக்கு வந்த அண்ணன் ஒருவர் இருந்தார். முன்பு நல்ல ஃபிட்டர். மேசையில் விழுந்த வாஷரைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் தள்ளித் தள்ளி மேசை ஓரத்துக்குக் கொண்டுவந்துதான் எடுப்பார். அப்போதிருந்த 1923 இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் அந்த விரலுக்குச் சம்பாதிக்கும் திறன் இழப்பு 14 சதவீதம் என்று இருந்தது. மைக்ரோமீட்டரே பிடிக்க முடியாத ஃபிட்டருக்கு மிச்சம் 86 சதவீதம் எங்கே இருக்கிறது? இதைக் கணக்கிட்டவர்கள் ஒரு நாளாவது பெஞ்சில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிரஸ் என்ன கிளட்ச், கர்ட்டன் ராம் இறங்கும்போது டிரிப் ஆகிறதா ஏறும்போதா என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். இறங்கும்போது என்றால் முதலில் லென்ஸில் எண்ணெய் படிந்திருக்கிறதா, பிராக்கெட் ஆடுகிறதா என்று பாருங்கள். சேஃப்டி ரிலேயின் மாடல் தெரியும்படி பேனல் போட்டோவும் போட்டால், அதில் ம்யூட்டிங் வசதி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.