ஸ்பைக்கை நட்ட பிறகும் ரவுண்டைக் கோட்டைவிடுவது ஏன்?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து வேலரன்ட் (ஐவருக்கு ஐவர் மோதும் துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டு) ஆடுகிறோம். கோல்டு ரேங்க். யாருக்கும் எய்ம் மோசமில்லை. அட்டாக் பக்கத்தில் சைட்டுக்குள் (குண்டு வைக்கும் இடம்) நுழைந்து ஸ்பைக்கை, அதாவது குண்டை, பிளான்ட் செய்வதுவரை சரியாகப் போகிறது. அதற்குப் பிறகுதான் சொதப்புகிறோம். ஐந்துக்கு மூன்று என்று ஆள் அதிகமாக இருக்கும்போதுகூட எதிரணி அதை டிஃப்யூஸ் செய்துவிடுகிறது (செயலிழக்க வைத்துவிடுகிறது). எதை மாற்ற வேண்டும்?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், உங்கள் அணிக்கு பிளான்ட் என்பது வேலை முடிந்ததற்கான அடையாளம். அங்கிருந்து ஆளாளுக்குக் கில் தேடிக் கிளம்பிவிடுகிறீர்கள். பிளான்ட் ஆன நொடியில் யாருக்கு அவசரம் என்பது தலைகீழாக மாறிவிடுகிறது. அந்த மாற்றத்துக்கு ஏற்றபடி உங்கள் ஆட்டம் மாறவில்லை என்பதுதான் கோளாறு.

முதலில் நொடிக்கணக்கு. ரவுண்டுக்கு 100 நொடி. அதுவரை கடிகாரம் உங்களுக்கு எதிரி. பிளான்ட் செய்ய 4 நொடி. பிளான்ட் முடிந்ததும் 45 நொடியில் ஸ்பைக் வெடிக்கும். முழு டிஃப்யூஸுக்கு 7 நொடி தேவை. பாதியில், அதாவது 3.5 நொடியில், 'ஹாஃப்' பதிவாகிவிடும். அதற்குப் பிறகு கையை எடுத்தாலும் மீதி 3.5 நொடி போதும். ஆக, ஹாஃப் இல்லாத எதிரணி 38ஆவது நொடிக்குள் ஸ்பைக்கில் கை வைத்தாக வேண்டும். ஹாஃப் இருந்தால் 41.5வரை நேரம் உண்டு. மற்ற இடங்களில் இருந்து ஓடிவந்து, ஒன்றுசேர்ந்து, உங்களைச் சைட்டை விட்டு விரட்டி, பிறகு 7 நொடி அசையாமல் நிற்க வேண்டும். அவர்கள் கையில் இருக்கும் நேரம் அவ்வளவு சின்னது.

ஸ்பைக்கின் பீப் சத்தமே உங்களுக்குக் கடிகாரம். முதல் 25 நொடி, நொடிக்கு ஒரு பீப். பிறகு வேகம் இரட்டிப்பாகும். கடைசி 10 நொடியில் மறுபடி கூடும், கடைசி 5 நொடியில் இன்னும் ஒரு மடங்கு. கடைசி 10க்கான மாற்றம் காதில் விழுந்ததும் மூன்று எண்ணுங்கள். அதற்குள் டிஃப்யூஸ் தொடங்கவில்லை, ஹாஃபும் எடுக்கப்படவில்லை என்றால் ரவுண்ட் உங்களுடையது. அதற்கு மேல் யாரும் தலையை நீட்டத் தேவையில்லை. வெடிக்கும் எல்லைக்கு வெளியே ஓடுவதுதான் மிச்சமுள்ள வேலை. வெடி உங்களையும் சேர்த்தே கொல்லும். 2900 கிரெடிட் துப்பாக்கியோடு அங்கே நின்று சாவது வீண்செலவு.

இனி ஐந்துக்கு மூன்று எப்படிக் கைநழுவுகிறது என்று பார்ப்போம். அசென்ட் மேப்பில் பி சைட். பிளான்ட் ஆயிற்று. ஒருவர் மார்க்கெட் கதவைத் தாண்டிப் போய்ப் பார்க்கிறார். இன்னொருவர் எதிரணியின் ஸ்பான் (ரவுண்டைத் தொடங்கும் இடம்) பக்கம் எட்டிப் பார்க்கிறார். மூன்றாமவர் மிட் (மேப்பின் நடுப்பகுதி) வழியாக ஃப்ளாங்க், அதாவது எதிரியின் முதுகுப்பக்கம், போகிறார். மீதி இருவரும் ஸ்பைக் பக்கத்தில் ஒரே பெட்டிக்குப் பின்னால். ரீடேக்குக்கு (சைட்டை மீட்க) வரும் மூவரும் சேர்ந்தே வருகிறார்கள். மார்க்கெட்டில் தனியாளை மூன்று துப்பாக்கிகள் சந்திக்கின்றன. ட்ரேட் எடுக்க (விழுந்தவரைச் சுட்டவரை உடனே பதிலுக்குச் சுட) பக்கத்தில் யாரும் இல்லை. ஸ்பான் பக்கம் போனவருக்கும் அதே கதி. இப்போது மூன்றுக்கு மூன்று, அதில் ஒருவர் மேப்பின் மறுகோடியில். ஸ்கோர்போர்டில் ஆள் அதிகம் என்று தெரிந்தாலும், நடந்த ஒவ்வொரு சண்டையிலும் ஆள் குறைவாக இருந்தது நீங்கள்தான்.

நெட்வொர்க் தாமதத்தால் வரும் பாதிப்பும் இதில் உண்டு. மூலையைத் தாண்டி வெளியே வருபவர், காத்திருப்பவரைச் சற்று முன்னதாகவே பார்த்துவிடுவார். இதைத்தான் பீக்கர்ஸ் அட்வான்டேஜ் என்கிறோம். 'அப்படியானால் நாமே பீக் செய்யலாமே' என்று தோன்றும். ஒருவருக்கொருவர் மோதலில் அது சரிதான். ஆனால் பிளான்டுக்குப் பிறகு எதிரி எப்படியும் உங்கள் பார்வைக்குள் வந்தாக வேண்டும். அவர் எதிர்பார்க்கும் மூலையில் நிற்காமல் இரண்டடி தள்ளி நில்லுங்கள், அல்லது ஒருமுறை சுட்டதும் இடம் மாறுங்கள். அந்தப் பாதகம் பெரும்பாலும் அதிலேயே ஈடாகிவிடும்.

எங்கே நடுவது என்பதை பை ஃபேஸிலேயே (ரவுண்டுக்கு முன் துப்பாக்கி வாங்கும் நேரம்) முடிவு செய்யுங்கள். பிளான்டுக்குப் பிறகு எங்கே நிற்கப்போகிறீர்களோ, அங்கிருந்து ஸ்பைக் தெரிய வேண்டும். அசென்ட் பி-யில் பி மெயினை (அட்டாக்கர்கள் சைட்டுக்கு வரும் பாதை) நோக்கித் திறந்தபடி நட்டால், மெயினில் தூரமாக நின்றே டிஃப்யூஸ் செய்பவரைச் சுடலாம். இதில் அடிக்கடி நடக்கும் அபத்தம் ஒன்று: மெயினுக்குத் தெரியும்படி நட்டுவிட்டு, ஐந்து பேரும் சைட்டுக்குள்ளேயே குந்தியிருப்பது. மெயினில் ஆளே இல்லையென்றால் திறந்த பிளான்டால் லாபம் எதிரிக்குத்தான், அவருக்கும் ஸ்பைக் எளிதாகக் கிடைக்கிறது. மெயினுக்குத் திரும்பும் வழி உங்கள் கையில் இல்லாதபோது பெட்டி மறைவில் பாதுகாப்பாக நட்டுவிட்டு, சைட்டுக்குள் இருந்தே காப்பது மேல்.

திறந்த பிளான்டுக்கு ஸ்மோக் (பார்வையை மறைக்கும் புகை) வேண்டும். ஏஜென்டுகளில் (நாம் ஆடும் பாத்திரங்கள்) ஓமனின் ஸ்மோக் 15 நொடி, பிரிம்ஸ்டோனுடையது 19.25 நொடி நிற்கும். ஓமன் ஸ்மோக் விழுந்து 12 நொடி கழித்து நடத் தொடங்கினால், 4 நொடி பிளான்ட் முடிவதற்குள் புகை கலைந்து, கையில் துப்பாக்கி இல்லாத நிலையில் அகப்படுவீர்கள். 'ஸ்மோக் போட்டாச்சு' என்ற குரலில் இருந்து 10 நொடிக்குள் பிளான்ட் தொடங்கியிருக்க வேண்டும். முடியாது என்று தெரிந்தால் மறைவில் நடுங்கள். (திறன்களின் நொடிக்கணக்கைப் பேட்சுகளில் மாற்றுவார்கள். ஏஜென்டின் விவரப் பக்கத்தில் அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

நிற்கும் இடத்துக்கு ஒரே ஒரு சோதனை போதும்: எதிரி என்னைச் சுடத் திரும்பினால், அவர் முதுகோ பக்கவாட்டோ என் அணியில் இன்னொருவருக்குத் தெரிகிறதா? தெரிந்தால் அது கிராஸ்ஃபயர். இருவரும் ஒரே கோட்டில் நின்றால், ஒரே ஸ்ப்ரேயில் இருவரும் காலி. ஒருவர் விழுந்தால் இரண்டு நொடிக்குள் மற்றவர் ட்ரேட் எடுக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். ஐந்து பேர் உயிரோடு இருந்தால் சைட்டில் இருவர், மெயினில் இருவர், முதுகைப் பார்க்க ஒருவர் என்று பிரியலாம். மூன்று பேர் என்றால் சைட்டைக் கைவிட்டு மெயின் போன்ற ஒரே பக்கத்தில் நெருக்கமாக நிற்பதையே தேர்ந்தெடுங்கள். மூன்று பேரை மூன்று மூலையில் வைப்பது படத்தில் பார்க்க அழகாக இருக்கும், ஆட்டத்தில் நிற்காது.

முதுகைப் பார்க்கும் வேலையை இயந்திரத்திடம் விட்டால் ஒரு துப்பாக்கி மிச்சம். ஆனால் கில்ஜாய் என்ற ஏஜென்டின் அலாரம்பாட்டும் (எதிரி வந்தால் எச்சரிக்கும் இயந்திரம்) டரட்டும் (தானியங்கித் துப்பாக்கி) அவர் 40 மீட்டருக்கு மேல் விலகினால் அணைந்துவிடும். சைஃபர் என்ற ஏஜென்டின் ட்ராப்வயருக்கு (பொறிக்கம்பி) அந்தத் தூரக் கட்டுப்பாடு இல்லை, அவர் உயிரோடு இருந்தால் போதும். எனவே ஃப்ளாங்கில் வயர் போட்டுவிட்ட சைஃபர்தான் சைட்டில் முதலில் பாய்ந்து சாகக் கூடாதவர்.

துப்பாக்கித் தேர்வும் தூரத்தைப் பொறுத்தது. ஹெவி ஷீல்டு போட்டவருக்கு மொத்தம் 150 உயிர். வாண்டல் துப்பாக்கியின் ஹெட்ஷாட் (தலையில் படும் ஒரு தோட்டா) எந்தத் தூரத்திலும் 160. ஃபாண்டம் துப்பாக்கியுடையது நெருக்கத்தில் 156, தூரம் கூடினால் 150க்குக் கீழே இறங்கிவிடும். மெயினின் கோடியில் நிற்பவருக்கு வாண்டல் பொருத்தம். ஸ்பைக் மேல் எதிரி ஸ்மோக் போட்டுவிட்டு டிஃப்யூஸ் செய்யும்போது புகைக்குள் கண்மூடித்தனமாகச் சுட ஃபாண்டம் நல்லது. அதன் தோட்டாக் கோடு எதிரிக்குத் தெரியாது என்பதால் நீங்கள் நிற்கும் இடம் காட்டிக்கொடுக்கப்படாது.

இப்போது மோலி, அதாவது விழுந்த இடத்தில் நிற்பவரை வாட்டும் தீ போன்ற வீச்சு. சைட்டுக்குள் நுழையவே எல்லாத் திறன்களையும் கொட்டித் தீர்த்துவிட்டால் பிளான்டுக்குப் பிறகு கை வெறுமை. அணிக்கு ஒரு மோலியும், ஒரு ஃப்ளாஷ் (கண்ணைக் கூசவைப்பது) அல்லது ஸ்மோக்கும் மிச்சம் இருக்க வேண்டும் என்று விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிரிம்ஸ்டோன், வைப்பர் போன்றவர்களின் லைன்-அப் (குறித்த இடத்தில் நின்று, குறி வைத்துத் தூரத்தில் இருந்து வீசும் முறை) காணொளிகளைப் பார்த்து மனப்பாடம் செய்பவர்கள் கவனிக்காத ஒன்று, மோலி காற்றில் பறக்கும் நேரம். டிஃப்யூஸ் சத்தம் கேட்டதும் வீசுகிறீர்கள், விழ 5 நொடி ஆகிறது என்று வையுங்கள். 3.5ஆவது நொடியிலேயே ஹாஃப் கிடைத்துவிட்டது. தீ விழும்போது எதிரி விலகிக்கொள்கிறார். தீ அணைந்ததும் அவருக்கு வேண்டியது 3.5 நொடி மட்டும். உங்கள் இரண்டாவது வீச்சு விழுவதற்குள் டிஃப்யூஸ் முடிந்திருக்கும். பறக்கும் நேரம் 3 நொடிக்குள் இருக்கும் லைன்-அப்பை மட்டும் சத்தம் கேட்டு வீசுங்கள். அதைவிட நீளமானதைக் காலம் பார்த்து முன்கூட்டியே வீச வேண்டும்: 36ஆவது நொடி வாக்கில் விழும்படி வீசினால், ஹாஃப் இல்லாத எதிரிக்குத் தீ அணையும்போது நேரம் போயிருக்கும். லைன்-அப்புக்கு ஒருவர்தான் போகலாம். இருவர் தூரத்தில் வானத்தைப் பார்த்து நின்றால் சைட்டில் நடப்பது ஐந்துக்கு மூன்று அல்ல.

டேப் ஏமாற்று. எதிரி ஸ்பைக்கைத் தொட்டு சத்தத்தைக் கிளப்பிவிட்டு உடனே துப்பாக்கியைத் தூக்குவார், நீங்கள் பதறி வெளியே வருவதற்காக. முதல் சத்தத்துக்கு அசையாதீர்கள். சத்தம் தொடர்ந்தால் மனதுக்குள் இரண்டு எண்ணிவிட்டு பீக் செய்யுங்கள், ஹாஃப் பதிவாகும் முன் அவரைக் கலைக்க அது சரியாக இருக்கும். ஹாஃப் போய்விட்டது என்றால் கணக்கு மாறும். அடுத்த தொடலுக்குக் காத்திருக்க நேரமில்லை, உடனே பீக். இருவர் இருந்தால் ஒன்று, இரண்டு என்று குரல் கொடுத்து ஒரே நேரத்தில் வெவ்வேறு கோணத்தில் இருந்து வெளியே வாருங்கள். ஸ்பைக்கில் இருப்பவர் ஒருவரைத்தான் சுட முடியும். ஹாஃப் எடுக்கப்பட்டதா இல்லையா என்பதை ஒருவர் உரக்கச் சொல்லிவிட வேண்டும். ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருப்பதால் போகும் ரவுண்டுகள் ஏராளம்.

பேச்சைப் பற்றிச் சுருக்கமாக: இடம், எண்ணிக்கை, எவ்வளவு அடி விழுந்தது. 'மார்க்கெட், ரெண்டு பேர், ஒருத்தனுக்கு எண்பது.' செத்தவர் இதைச் சொல்லிவிட்டு மைக்கை அணைக்கட்டும். பீப்பும் காலடியும் கேட்டால்தான் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யும்.

துரத்திப் போகவே கூடாதா? இரண்டு சமயங்களில் போகலாம். ரீடேக்குக்கு வருபவர்கள் இரண்டாகப் பிரிந்திருப்பது தெரிந்துவிட்டால், இருவராகச் சேர்ந்து ஒரு பக்கத்தை நசுக்கலாம். மற்றது, எதிரணி ரவுண்டை விட்டுவிட்டுத் துப்பாக்கியைக் காப்பாற்ற ஒளியும்போது. வாண்டலும் ஹெவி ஷீல்டும் சேர்ந்து 3900 கிரெடிட். முதல் தோல்விக்குக் கிடைப்பதோ 1900, வெடித்த பிறகும் உயிரோடு தப்பிய டிஃபெண்டருக்கு வெறும் 1000. அவரைப் பிடித்தால் அடுத்த ரவுண்டில் அவர்கள் கை இளைக்கும். ஆனால் இருவராகத்தான் போக வேண்டும், அதுவும் உங்கள் பணநிலை நன்றாக இருந்தால். தனியாகப் போய் விழுந்தால் உங்கள் துப்பாக்கியையும் அவருக்குத் தானம் செய்ததாகும்.

பயிற்சிக்கு கஸ்டம் கேம் திறந்து, சீட்ஸை அனுமதித்து, திறன்களை முடிவில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதிகம் ஆடும் மூன்று மேப்புகளில் சைட்டுக்கு ஒரே ஒரு பிளான்ட் இடம், இரண்டு நிற்குமிடம், ஒரு லைன்-அப் தேர்ந்தெடுங்கள். லைன்-அப் பறக்கும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் அளந்து எழுதி வையுங்கள். பிறகு இருவர் டிஃபெண்டராக, மூவர் அட்டாக்கராக, பிளான்ட் ஆன நிலையில் இருந்தே ஆடிப் பாருங்கள். மூவர் தரப்பில் ஒரே கட்டுப்பாடு: டிஃப்யூஸ் சத்தம் கேட்கும்வரை யாரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது. தொடக்கத்தில் கால் துறுதுறுக்கும்.

ரேங்க் ஆட்டங்களைப் பதிவு செய்து, பிளான்டுக்குப் பிறகு தோற்ற ரவுண்டுகளை மட்டும் ஓட்டிப் பாருங்கள். உங்கள் அணியில் முதலில் விழுந்தவர் எங்கே நின்றார், அவருக்கு ட்ரேட் எடுக்கக்கூடிய ஆள் எவ்வளவு தூரத்தில் இருந்தார், அப்போது ஸ்பைக்கில் எத்தனை நொடி மிச்சம் என்று மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 30 நொடிக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே தனியாள் விழுந்திருந்தால் அது துரத்தலின் விலை. 10 நொடிக்குக் கீழே விழுந்திருந்தால், டேப்புக்கு ஏமாந்தாரா அல்லது ஸ்பைக் தெரியாத இடத்தில் நின்றாரா என்று பாருங்கள். அது தெரியாத இடமென்றால், அடுத்த ஆட்டத்தில் மாற்ற வேண்டியது பிளான்ட் செய்யும் இடத்தை.