நியாயம் பேசுகிற பிள்ளைக்கு எந்தப் படிப்பு?

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "ப்ளஸ் டூ படிக்கும் என் மகள், சமரசம் பேசும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். தெருவில் எந்தச் சண்டை என்றாலும் முதல் ஆளாகப் போய் நியாயம் சொல்வாள். இதை நம்பிப் படிக்க வைக்கலாமா?"

ஐயா, படிக்க வைக்கலாம். ஆனால் 'நியாயம் சொல்வாள்' என்கிறீர்களே, அதுதான் எனக்கு இடிக்கிறது.

ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர் இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு, "நீ இதைக் கொடு, நீ இதோடு விடு" என்று முடித்துவிடுவார். சமரசர் அப்படிச் சொல்லக் கூடாது. முடிவு எடுக்க வேண்டியவர்கள் தகராறில் இருப்பவர்கள்தான். பிடிக்கவில்லையா, எழுந்து போகலாம். அங்கே பேசியதை அப்புறம் கோர்ட்டில் சாட்சியமாக இழுக்கவும் முடியாது. அந்தத் தைரியத்தில்தான் ஆட்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள்.

ஒரு பங்காளித் தகராறை வைத்துக்கொள்வோம். பொதுக்கிணறு, ஒரு மோட்டார். அண்ணனும் தம்பியும் பகல் முறைதான் வேண்டும் என்று நிற்கிறார்கள். பஞ்சாயத்து என்றால் நாளைப் பங்கு போட்டு முடிப்பார்கள். இரண்டே மாதத்தில் மறுபடி அடிதடி. சமரசர் ஏன் என்று கேட்பார். கூட்டாகக் கேட்டு, பிறகு தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்பார். அண்ணனுக்கு ராத்திரியில் கண் சரியாகத் தெரியாது, வரப்பில் நடக்கப் பயம். தம்பிக்கோ பகலும் இரவும் ஒன்றுதான்; ஈ.பி. இணைப்பில் தன் பெயர் இல்லையே என்பதுதான் அவருடைய குமைச்சல். நாளைக்கு அண்ணன் பிள்ளைகள் கிணறே தங்களுடையது என்றால்? இதை வெளியே கொண்டுவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கொண்டுவருவதுதான் கஷ்டம். வாயை அடக்க வேண்டும். வசவைக் கழித்துவிட்டு அதற்குள் இருக்கும் கவலையை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஒத்துவராவிட்டால் எத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலைவீர்கள்' என்பதைப் பயமுறுத்தாமல் யோசிக்க வைக்க வேண்டும்.

இனி பிழைப்புக் கணக்கு. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-லேயே சமரச மையம் வந்துவிட்டது. இன்று மாவட்ட நீதிமன்றங்களிலும் மையங்கள் இருக்கின்றன. 2023-ல் இதற்கென்றே தனிச் சட்டமும் வந்திருக்கிறது. ஆனால் 22 வயதில் யாரும் சமரசராக உட்கார வைக்க மாட்டார்கள். கோர்ட் மையங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் பல வருஷம் வக்கீல் தொழில் பார்த்தவர்கள். அதற்கு மேல் 40 மணி நேரப் பயிற்சி முடித்தவர்கள். ஆகவே சோறு போடும் படிப்பு முதலில்.

மதுரை அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது. ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறார்கள். திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் என்றால் கிளாட் என்ற அகில இந்திய சட்ட நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சட்டம் பிடிக்காவிட்டால் உளவியலோ சமூகப்பணியோ படிக்கலாம். குடும்ப நல வழக்குகளில் பேசிப் பார்க்கும் வேலைக்கு அந்தப் பக்கத்து ஆட்களும் தேவைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் சட்டம்தான். கையெழுத்தாகும் உடன்படிக்கையில் ஓட்டை இருந்தால் அத்தனை பேச்சும் வீண்.

அதற்குள் ஒன்று செய்யுங்கள். அடுத்து வீட்டில் சண்டை வரும்போது, பாப்பாவைத் தீர்ப்புச் சொல்லாமல் பத்து நிமிஷம் கேட்க மட்டும் சொல்லுங்கள். பிறகு இருவர் சொன்னதையும் அவள் திருப்பிச் சொல்லட்டும். "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்று அவர்கள் இருவருமே ஒத்துக்கொள்ள வேண்டும். முடிந்ததா என்று எழுதுங்கள். அப்புறம் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசலாம்.