ஆவணமில்லாப் பிள்ளைகள்: மனுவில் எதைக் கேட்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டங்களில் ஆவணமில்லாமல் இருக்கும் பிள்ளைகளுக்காக நீங்கள் எழுதிய மனுவைப் பார்த்தேன். சட்டமன்ற உறுப்பினரிடம் "குடியுரிமை வாங்கித் தாருங்கள்" என்று மனு கொடுத்தால் பதில் வராது. அது கூட்டரசின் (மத்திய அரசின்) அதிகாரம்; அந்தக் கோரிக்கையை நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக உள்துறை அமைச்சுக்கு அனுப்புங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் அவரால் முடிவதை மட்டும் கேளுங்கள்: தோட்டங்களில் நடமாடும் பதிவு முகாமுக்கு ஏற்பாடு, வழக்கறிஞர் செலவுக்கு உதவி.

மனுவில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பட்டியலில் அடைத்திருக்கிறீர்கள். அதுவும் கோளாறுதான். தோட்டங்களில் சிக்கல் பெரும்பாலும் கோவிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட திருமணத்தில் தொடங்குகிறது. முஸ்லிம் அல்லாதார் திருமணத்தை 1982 மார்ச் 1 முதல் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். பதியாவிட்டால் பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் பின்பற்றும். அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டவர் என்றால் பிள்ளைக்கு நீல அட்டை (குடிமக்களின் அடையாள அட்டை) இல்லை. ஊரே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது என்ற சாட்சி பதிவு இலாகாவில் செல்லாது!

வீடு வீடாகப் போய்க் கேளுங்கள்: பிறப்பு பதிவானதா, பெற்றோர் திருமணம் எப்போது பதிவானது, அம்மாவின் அட்டை நீலமா, சிவப்பா (நிரந்தரவாசி அட்டை)? அதன்படி பட்டியலைப் பிரியுங்கள்.

பிள்ளை பிறந்தபின் திருமணத்தைப் பதிந்தால் குடியுரிமை தானாக வந்துவிடாது. தனி விண்ணப்பம் வேண்டும். பெயர்களையும் முகவரிகளையும் மனுவில் எழுதாதீர்கள். நாட்டில் தங்கும் பெர்மிட் முடிந்த அம்மாக்கள் சில வீடுகளில் இருக்கக்கூடும்.