சின்ன மிரர்லெஸ் கமரா எடுக்கப் போறன், சோனியோ ஃபியூஜியோ ஒலிம்பஸோ?

உள்ளுக்குக் கண்ணாடி வைச்ச பழைய பெரிய டிஎஸ்எல்ஆர் கமராவைத் தூக்கித் தோள் நோகுது, கோயில், கடற்கரை, வீட்டு விசேஷம் எல்லாத்துக்கும் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கையடக்கமா ஒண்டு வேணும், சோனி ஏ6400, ஃபியூஜி எக்ஸ்-டி30, ஒலிம்பஸ் ஈ-எம்10 மார்க் 3 இதிலை எது எண்டு கேட்டிருக்கிறியள். வெளியிலை இருந்து ஆரோ கொண்டுவரத்தான் எடுக்கப்போறியள் எண்டு நினைக்கிறன், 2022 இலை டொலர் 200 ரூபாயிலை இருந்து 360க்குப் பாய்ஞ்சாப்பிறகு இஞ்சை புதுசுக்கு விலை கேக்கவே பயம்.

என்னட்டை இருக்கிறது ஒலிம்பஸ். ரொறன்ரோவிலை சித்தப்பாவின்ரை மகன் பாவிச்சு அலுத்துப்போய்க் குடுத்துவிட்டது. நான் படம் எடுத்துச் சம்பாதிக்கிற ஆளில்லை, முதலே சொல்லிப்போட்டன், பிறகு உவருக்கு என்ன தெரியும் எண்டு வரவேண்டாம்.

அது வந்த மாதமே அக்கான்ரை மகளின்ரை சாமத்தியவீடு. ஹோலுக்குள்ளை ஸ்டூடியோ அண்ணை ரெண்டு பெரிய கமரா, குடை, லைட் எல்லாம் வைச்சு ஒரு கோட்டை கட்டி நிக்கிறார். என்ரை கையைப் பாத்திட்டு "தம்பி, உது என்ன விளையாட்டுச் சாமானோ" எண்டார், நாலுபேருக்குக் கேக்கிறமாதிரி. சிரிச்சிட்டு விட்டன், ஆனா சுட்டது. முதல் அரைமணித்தியாலம் அவர் சொன்னது சரிபோலத்தான் இருந்தது, கமராவோடை சேந்து வாற கிட் லென்ஸ் அந்த வெளிச்சத்துக்குக் காணாது (அனேகமான கிட் லென்ஸ் அப்பிடித்தான்), ஐஎஸ்ஓவை, அதுதான் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுற அளவை, 6400க்கு ஏத்தினால் படம் முழுக்கக் குரக்கன்மா தூவினமாதிரி. பிழை என்னிலைதான், பையுக்குள்ளை 45 எம்எம் எஃப் 1.8 எண்டு, வெளிச்சத்தைக் கூட உள்ளை விடுற ஒரு குட்டி லென்ஸ் கிடந்தது, 116 கிராம், ஒரு வாழைப்பழப் பாரம்தான், பாத்தால் மூடி மாதிரி இருக்கு எண்டு தொடாமல் விட்டிட்டன். அதைப் போட்டாப்பிறகு கதை வேறை.

பிள்ளை காலமை தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை. உந்தச் சாமத்தியவீடுகளைப் பற்றி ஒண்டு சொல்லவேணும், கமராவுக்குச் சம்பந்தமில்லைத்தான், பதின்மூண்டு வயசுப் பிள்ளைக்கு ஏழு உடுப்பு, நகை, ட்ரோன், புகை, அதுக்குள்ளை "இன்னும் ஒருக்கா திரும்பிப் பாருங்கோ அம்மா" எண்டு வீடியோக்காரர், வந்தவை சாப்பிட்டிட்டு வெளிக்கிட்டிட்டினம், பிள்ளைக்குத் தண்ணி குடுக்க ஆளில்லை. ஆருக்காக உது செய்யிறது எண்டு கேட்டால் நான்தான் பழசாம். சரி விடுவம். அம்மம்மா பேத்தியைப் பின்னாலை கூட்டிக்கொண்டுபோய் இடியப்பம் தீத்திக்கொண்டு நிண்டா, சேலையிலை சொதி சிந்தி ரெண்டுபேரும் சிரிச்சவை. நான் ரெண்டு பாகம் தள்ளி நிண்டு எடுத்தன், ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை, கையிலை என்ன வைச்சிருக்கிறன் எண்டுகூடக் கவனிக்கேல்லை. அக்கா அதைத்தான் பெரிசாக்கிப் பிறேம் போட்டு வைச்சிருக்கிறா.

அதுக்காக ஒலிம்பஸ்தான் எடுங்கோ எண்டு சொல்லேல்லை. அதின்ரை சென்சர் (வெளிச்சத்தைப் பிடிச்சுப் படமாக்கிற தகடு) சின்னன், 17.3க்கு 13 மில்லிமீற்றர், மற்ற ரெண்டும் 23.5க்கு 15.6, பரப்பிலை பாத்தால் ஒலிம்பஸுக்கு அதிலை அஞ்சிலை மூண்டு பங்குதான், இருட்டிலை வித்தியாசம் தெரியும். ஆனா ஒலிம்பஸிலை பொடியுக்குள்ளையே (லென்ஸ் பூட்டாத கமரா) கை ஆட்டத்தைச் சமாளிக்கிற வசதி இருக்கு, நல்லூர் வெளிவீதியிலை பின்னேரம் கோபுரத்தைக் கையிலை வைச்சே எட்டிலை ஒரு செக்கனுக்கு எடுக்கலாம். ஏ6400இலையும் எக்ஸ்-டி30இலையும் பொடியிலை அது இல்லை, லென்ஸிலை இருந்தால்தான். ஓடுற பிள்ளை, பறக்கிற பறவை எண்டால் சோனி, போக்கஸ் ஒருக்கா பிடிச்சால் விடாது, மண்டைதீவுப் பக்கம் பூநாரை எழும்பேக்கை நான் எடுத்ததெல்லாம் நான் மட்டும் பாக்கிறதுக்கு. கம்பியூட்டரிலை இருந்து கலர் திருத்தப் பஞ்சி எண்டால் ஃபியூஜி, கமராவிலை இருந்து வாற படமே வடிவு.

லண்டன் மாமா "என்னட்டை ஒண்டு சும்மா கிடக்கு, தாறன்" எண்டால் வேண்டாம் எண்டாதேங்கோ, ஆனா என்ன மவுன்ற் (லென்ஸ் பூட்டுற வாய்) எண்டு கேளுங்கோ. நிக்கோன் 1 எண்டு 2011 இலை வந்தது 2018 இலை நிண்டுபோச்சு. கெனன் ஈஎஃப்-எம் 2012 இலை வந்து அதுவும் முடிஞ்சுது, அந்த லென்ஸ் கெனனின்ரை இப்பத்தை ஆர்எஃப் மவுன்ற் பொடியிலை ஏறாது. சும்மா வந்தால் பாவியுங்கோ, லென்ஸுக்குக் காசு போடாதேங்கோ. ஒலிம்பஸும் கமராப் பகுதியை 2021 இலை வித்திட்டுது, இப்ப ஓஎம் சிஸ்டம் எண்ட பேர், ஆனா பனசொனிக்கும் அதே மவுன்ற் எண்டபடியால் எனக்குப் பயமில்லை.

எதை எடுத்தாலும் செம்மண் புழுதிக்குள்ளை நிண்டு லென்ஸ் மாத்தாதேங்கோ, கண்ணாடி இல்லாதபடியால் சென்சர் அப்பிடியே திறந்துகிடக்கும். மாரியிலை பையோடை அல்மாரியுக்குள்ளையும் வைக்காதேங்கோ. நான் வைச்சு, கிட் லென்ஸுக்குள்ளை பூஞ்சணம் சிலந்திவலை மாதிரிப் படர்ந்திட்டுது. இப்ப காத்துப் போகாத பிளாஸ்ரிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும். பெட்டியோடை ஒரு பற்றறிதான் வரும், தேர் அண்டைக்கு மத்தியானத்தோடை முடிஞ்சிடும், கொண்டுவாறவரிட்டை இன்னொண்டு சேத்துச் சொல்லிவிடுங்கோ.