தாய்-சேய் நலம்: கேள்வி-பதில்

கேள்வி: கர்ப்பிணிக்கு இரத்தம் குறைவு என்கிறார்கள். என்ன மாத்திரை கொடுக்கலாம்?

பதில்: எத்தனையாவது மாதம், ஹீமோகுளோபின் எவ்வளவு என்ற இரண்டையும் எழுதாமல் மாத்திரையின் பெயரை மட்டும் கேட்டால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? அளவு ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்று கொள்ளலாம். 7-க்குக் கீழே இறங்கிவிட்டால் மாத்திரையை நம்பி வீட்டில் வைத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கவும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் சிறிய சுகாதார நிலையத்தில் ஆக்சிடோசின் (கருப்பையைச் சுருங்கவைத்து, பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கைத் தடுக்கும் மருந்து) தீர்ந்ததே இல்லை. குழந்தை பிறந்ததும் 10 அலகு ஊசி போட்டுவிடுகிறோம். ஆனாலும் சில தாய்மாருக்கு இரத்தப்போக்கு நிற்பதில்லை. செவிலியர்களுக்கு மறுபயிற்சி தேவையா?

பதில்: செவிலியரைக் குறை சொல்லும் முன் மருந்துக் குப்பி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இதை நான் எழுதி எழுதிச் சலித்துவிட்டேன். ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய மருந்து. கிடங்கிலிருந்து வரும் வழியில் ஒரு பகல் வெயிலில் கிடந்து, பிறகு பிரசவ அறையின் ஜன்னலோரத் தட்டில் வாரக்கணக்கில் காத்திருந்தால், நிறம் மாறாது, குப்பியில் அச்சிட்ட காலாவதித் தேதியும் மாறாது, வீரியம் மட்டும் குறைந்துவிடும். நான் போன ஒரு நிலையத்தில் தடுப்பூசிக் குளிர்பெட்டி பாதிக்கு மேல் காலியாக இருந்தது. அதற்கு நாலடி தள்ளி, மர அலமாரியில் ஆக்சிடோசின். கேட்டதற்கு, "அந்தப் பெட்டி வேறு திட்டத்தினுடையது" என்றார்கள். இரத்தம் இழக்கும் தாய்க்குத் திட்டங்களின் எல்லை தெரியுமா? தனித் தட்டில், பெயர் எழுதி, அதே பெட்டியில் வைக்கலாம், உறையவிடத்தான் கூடாது. குளிர்வசதியே இல்லாத இடத்தில், இதே வேலைக்கு உதவும் மருந்துகளான வெப்பம் தாங்கும் கார்பெட்டோசினையோ மிசோப்ரோஸ்டாலையோ கேட்டுப் பெறுங்கள்.

இன்னொன்று, இழந்த இரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். கண் எப்போதும் குறைத்தே சொல்லும். கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் அளவுக்கோடிட்ட விரிப்பால் இரத்தத்தை அளந்து, கருப்பையைத் தேய்த்துவிடுதல், மருந்து, நரம்புவழித் திரவம் ஆகிய சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒருசேரத் தொடங்கியபோது, கடும் இரத்தப்போக்கும் அதன் மோசமான விளைவுகளும் ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்ததாக 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது.

கேள்வி: பிறந்த குழந்தை 1,900 கிராம்தான். இங்கே இன்குபேட்டர் கிடையாது.

பதில்: தாயின் மார்பு இருக்கிறதே. குழந்தை சீராக மூச்சுவிடுகிறது என்றால் வெறும் மார்போடு அணைத்துத் துணியால் கட்டி, நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் முழுநாளும் வைத்திருங்கள்; தாய் களைத்தால் தந்தை அணைத்துக்கொள்ளட்டும். மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தொட்டாலோ பால் குடிக்க மறுத்தாலோ அப்படியே அணைத்தபடி பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: பிறந்தவுடன் குளிப்பாட்டலாமா?

பதில்: 24 மணி நேரம் பொறுங்கள். துடைத்து உலர்த்தினால் போதும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு மூன்றாம் நாளே நின்றுவிட்டது. துத்தநாக மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: கூடாது. தினம் 20 மில்லிகிராம் வீதம் 10 முதல் 14 நாள் வரை கொடுத்து முடிக்க வேண்டும். இத்தனை நாள் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுத்தீர்களா என்பதை எழுதவே இல்லையே. அடுத்த முறை அதையும் எழுதுங்கள்.